ஏன் இத்தனை முறுக்கு?

கேள்வி: டிவி கேபிளில் நடுவே ஒரே கம்பி; இன்டர்நெட் கேபிளை வெட்டினால் எட்டுக் கம்பி, அதுவும் இரண்டிரண்டாக முறுக்கி. ஏன்?
- வாசகர், செங்கோட்டை

பதில்: முறுக்கில்தான் விஷயமே இருக்கிறது. முறுக்குவதால் இரண்டு கம்பியும் மாறி மாறி வெளிப்பக்கம் வரும், பக்கத்தில் ஓடும் கரண்ட் வயரின் மின் இரைச்சல் (சிக்னலைக் கெடுக்கும் தொந்தரவு) இரண்டிலும் ஏறக்குறைய ஒரே அளவில் விழும், மறுமுனையில் இரண்டுக்குமுள்ள வித்தியாசத்தை மட்டும் எடுப்பதால் அது கழிந்துபோகும். கிரகாம் பெல் 1881-லேயே இதற்குக் காப்புரிமை பெற்றுவிட்டார். டிவிக்கு வருவது கோஆக்சியல் என்ற வகை கேபிள், அதில் நடுக் கம்பியைச் சுற்றியுள்ள உலோக வலையே இரைச்சலுக்குக் கவசம்.

அப்புறம், நெட் கேபிள் வாங்கும்போது கம்பியைச் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் செம்பு பூசிய அலுமினியம். தென்காசியில் வாங்கினாலும் புனலூரில் வாங்கினாலும் அது வேண்டவே வேண்டாம். முழுச் செம்பே ஆனாலும் 100 மீட்டருக்கு மேல் ஒரே இழுப்பாக இழுக்காதீர்கள்.