கேங் ஆஃப் ஃபோர்ங்கிற இங்கிலாந்து ராக் பேண்டோட 'என்டர்டெயின்மென்ட்!' ஆல்பத்துல அப்படி என்ன அரசியல் இருக்கு?

அட்டையப் பாருங்க, பாதி பதில் அதுலயே இருக்கு. ஒரு செவ்விந்தியரும் கௌபாயும் கைகுலுக்குறாங்க, அவரு இவன நண்பன்னு நம்பி சிரிக்கிறாரு, இவன் ஆளு ஏமாந்துட்டான்னு சிரிக்கிறான், இனி சுரண்டலாம்னு அங்கேயே எழுதியிருக்கும். 1979ல லீட்ஸ் ஊர்ப் பசங்க போட்டது. கோஷம்லாம் கம்மி, காதல், ஷாப்பிங், டிவி நியூஸ்னு வீட்டுக்குள்ள காசு எப்படி பூந்து விளையாடுதுன்னுதான் பாட்டு. ஆண்டி கில் கிட்டார் தகரத்த வெட்டுற மாதிரி விட்டு விட்டு வரும், பேஸ் கிட்டார் ஆட வைக்கும். அதே வருஷம் பிபிசியோட 'டாப் ஆஃப் த பாப்ஸ்'ங்கிற டிவி பாட்டு நிகழ்ச்சில, பாட்டுல வர்ற ஆணுறையக் குறிக்கிற ஒரு வார்த்தைய மாத்தச் சொன்னதுக்கு பாடாமலே கிளம்பி வந்துட்டாங்க (எவ்ளோ பெரிய சான்ஸ் அது!). எனக்குப் புடிச்சது 'ஈத்தர்', ஒரு குரல் வட அயர்லாந்து ஜெயில் கொடுமைய சொல்லும், இன்னொண்ணு சொகுசான பகல்கனவப் பாடும், ரெண்டும் ஒரே பாட்டுல மாறி மாறி.