இன்சுலின் 'நார்மல்', ஆனால் சர்க்கரை 41: கணையத்தில் கட்டியா?

பாலக்கோடு பக்கத்திலிருந்து ஒரு மகள் எழுதியிருக்கிறார். அம்மாவுக்கு 47 வயது, சர்க்கரை நோய் கிடையாது. சில மாதங்களாக, விடியற்காலையில் வெறும் வயிற்றோடு பூப்பறிக்கப் போனால், சாமந்தி வரிசைக்கு நடுவே நின்று பறித்த பூவைத் திரும்பவும் செடிமேலேயே வைத்துக்கொண்டிருக்கிறாராம். கூப்பிட்டால் பதில் இல்லை, ரவிக்கை தெப்பலாக நனைந்திருக்கும். இனிப்பாக ஒரு டீ கொடுத்தால் கொஞ்ச நேரத்தில் தெளிந்துவிடுவார், நடந்தது எதுவும் நினைவிருக்காது. மந்திரித்தும் பார்த்தார்கள், வலிப்பு மாத்திரையும் கொடுத்தார்கள். கடைசியில் அந்த நேரத்திலேயே ரத்தம் எடுத்ததில் சர்க்கரை 41, இன்சுலின் 14, சி-பெப்டைட் (கணையம் இன்சுலின் சுரக்கும்போது கூடவே வெளியே வரும் பொருள்) 2.8. "இன்சுலினும் சி-பெப்டைடும் நார்மல் ரேஞ்சுக்குள்தானே இருக்கு, அப்புறம் ஏன் டாக்டர் கணையத்தில் கட்டி இருக்கலாம் என்கிறார்?"

டாக்டர் சந்தேகப்படுவது சரிதான்மா. ரிப்போர்ட்டில் போட்டிருக்கும் ரேஞ்ச், சர்க்கரை சரியாக இருக்கிறவர்களுக்கானது. கணையத்தின் பீட்டா செல், ரத்தத்தில் சர்க்கரை எவ்வளவு என்று பார்த்துத்தான் இன்சுலின் சுரக்கும்; 80-க்குப் பக்கத்தில் இறங்கும்போதே குறைக்க ஆரம்பித்து, 55-க்குக் கீழே போனால் ஏறக்குறைய நிறுத்தியே விடும். அந்த நிலையில் இன்சுலின் 3, சி-பெப்டைட் 0.6 இருந்தாலே தவறு. அம்மாவுக்கு 14. இன்சுலினோமா என்ற கட்டியின் கோளாறே, நிறுத்த வேண்டிய நேரத்தில் நிறுத்தாமல் சுரப்பதுதான். முழுதாகப் பக்குவப்படாத புரோஇன்சுலினையும் அது அதிகமாக வெளியே விடும், அதையும் அளந்து பார்க்கச் சொல்லுங்கள்.

ஆனால் ஒன்றை முதலில் தேடுங்கள். வீட்டில் யாராவது சர்க்கரைக்குக் கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு மாதிரி மாத்திரை சாப்பிடுகிறார்களா? அது தவறிப்போய் அம்மா வாயில் போயிருந்தாலும் இதே எண்கள்தான் வரும், ஏனென்றால் அந்த மாத்திரை கணையத்தையே சுரக்க வைக்கிறது. வெளியிலிருந்து இன்சுலின் ஊசி போட்டிருந்தால் சி-பெப்டைட் ஏறாது, மாத்திரையில் ஏறும். வலிப்பு மாத்திரை என்று கொடுத்த அட்டையையும் எடுத்துப் பெயரைப் படித்துப் பாருங்கள், ஆனால் அதை நீங்களாகத் திடீரென்று நிறுத்த வேண்டாம்.

சந்தேகம் தீரவில்லை என்றால் 72 மணி நேரம் பட்டினி போட்டுப் பார்க்கும் சோதனை உண்டு. அது வார்டில் படுக்க வைத்துச் செய்வது, வீட்டில் முயலவே கூடாது. ரத்தத்தில் உறுதியான பிறகுதான் ஸ்கேன். பெரும்பாலான கட்டிகள் 2 செ.மீ.க்கும் சின்னவை, சிடி ஸ்கேனில் தப்பிவிடலாம். வாய்வழியாகக் குழாய் விட்டுப் பார்க்கும் எண்டோஸ்கோப்பிக் அல்ட்ராசவுண்டு தேவைப்படும், அதற்குச் சேலமோ வேலூரோ பெங்களூரோ போக வேண்டியிருக்கலாம். பயப்படாதீர்கள், பத்தில் ஒன்பது புற்றுநோய் அல்ல, அறுவை செய்து எடுத்தால் பெரும்பாலும் தீர்ந்துவிடும். அதுவரை இன்சுலின் சுரப்பைக் குறைக்கும் டயசாக்சைடு என்ற மாத்திரை தரலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள்.

இப்போதைக்கு, ராத்திரி படுக்கும் முன் கேழ்வரகுக் களியோ சாதமோ ஏதாவது சாப்பிடட்டும், விரதம் வேண்டாம். காலையில் சாப்பிடாமல் தோட்டத்துக்குத் தனியாக அனுப்பாதீர்கள், மடியில் குளுக்கோஸ் பொட்டலம் இருக்கட்டும். நினைவு தப்பிக் கிடந்தால் வாயில் டீ ஊற்றாதீர்கள், நுரையீரலுக்குப் போய்விடும். ஒருக்களித்துப் படுக்க வைத்துவிட்டு உடனே 108-ஐக் கூப்பிடுங்கள்.