இந்திய உரிமத்தை வைத்துத் துபாயில் நண்பரின் காரை ஓட்டலாமா?

கேள்வி: வேலைக்காகத் துபாய் வந்து மூன்று மாதங்கள் ஆகின்றன, குடியிருப்பு விசாவும் எமிரேட்ஸ் ஐடியும் வந்துவிட்டன. ஊரில் எட்டு ஆண்டுகள் கார் ஓட்டியவன். சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் வைத்திருக்கிறேன். அறை நண்பர் வெள்ளிக்கிழமைகளில் தமது காரை எடுத்துக்கொள்ளச் சொல்கிறார். ஓட்டலாமா?

பதில்: ஓட்டக் கூடாது. சர்வதேச அனுமதி, சுற்றுலா விசாவில் வருபவருக்கு மட்டுமே உதவும். குடியிருப்பு விசா கிடைத்த நாளிலிருந்து உங்களுக்கு அது வெறும் காகிதம். இதில் ஒரு விசித்திரமும் உண்டு. உங்கள் மனைவி நாளை சுற்றுலா விசாவில் வந்து, அவரிடமும் இந்திய உரிமமும் அந்த அனுமதியும் இருந்தால், அவர் வாடகைக் கார் எடுத்து ஓட்டலாம், நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து வரலாம்; அவருக்கும் குடியிருப்பு விசா கிடைத்துவிட்டால் அந்த வசதி அன்றோடு முடிந்தது.

அபராதத்தைவிடக் காப்பீடுதான் பெரிய கவலை. விபத்தில் ஒருவர் இறந்தால் அவர் குடும்பத்துக்குத் தரவேண்டிய 'தியா' எனும் இழப்பீடு 2,00,000 திர்ஹம். செல்லுபடியாகும் உரிமமின்றி ஓட்டியது தெரிந்தால், காப்பீட்டு நிறுவனம் அந்தத் தொகையைக் குடும்பத்துக்குக் கொடுத்துவிட்டுப் பின்னர் உங்களிடம் வசூலிக்க வரும். நட்புக்காகச் சாவி கொடுத்தவரும் சிக்கிக்கொள்வார்.

அடுத்து, தரகர்கள். 'தேர்வே இல்லாமல் துபாய் உரிமம்', 'பத்தாண்டு சர்வதேச உரிமம்' என்று வாட்ஸ்அப்பில் வருபவை அனைத்தும் மோசடி. அசல் அனுமதி, நம் வட்டாரப் போக்குவரத்து அலுவலகம் 1,000 ரூபாய் கட்டணத்தில் ஓராண்டுக்கு மட்டும் வழங்குவது. பளபளக்கும் பிளாஸ்டிக் அட்டையைக் காட்டுபவரிடம் முன்பணம் கொடுத்தவர்கள் பணத்தைத் திரும்பப் பார்த்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. துபாய் உரிமம் தருவது துபாய் அரசின் சாலைப் போக்குவரத்து ஆணையம் மட்டுமே. அதற்கான வழி, பதிவுபெற்ற ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி.

பிரிட்டிஷ் உரிமம் உள்ளவர் கண் பரிசோதனை முடித்துக் கட்டணம் கட்டி அதைத் துபாய் உரிமமாக மாற்றிக்கொண்டு போகிறார். எட்டு ஆண்டு அனுபவமுள்ள நீங்கள் மீண்டும் தேர்வெழுத வேண்டும். 2022இல் விரிவான வர்த்தக ஒப்பந்தம் செய்துகொண்ட இந்திய, அமீரக அரசுகளுக்கும் இந்தச் சிறு விஷயம் ஏனோ இன்னும் கண்ணில் படவில்லை.

ஆனாலும் வகுப்பு வீணல்ல. இங்கே வண்டிகள் வலப்புறம் செல்கின்றன. ரவுண்டானாவில் உள்ளே சுற்றிக்கொண்டிருப்பவருக்கே முன்னுரிமை, அவர் உங்கள் இடப்பக்கத்திலிருந்து வருவார். நம் கண்களோ பழக்கத்தால் வலப்பக்கம் பார்க்கும். பதிவு செய்யப் போகும்போது இந்திய உரிமத்தை மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள். அதன் வயதைப் பொறுத்துக் கட்டாய வகுப்பு நேரம் குறையும்.