சம்பந்தம் கேட்கும் பீஷான் வாசகருக்கு

கேள்வி: எங்கள் பீஷான் கால்வாயோரம் உடும்புகள் தாராளமாகத் திரிகின்றன. நீங்களோ சென்ற இதழில் கொமோடோ உடும்பு அழிகிறது என்று புலம்பியிருக்கிறீர்கள். அதற்கும் நமக்கும் என்ன சம்பந்தம்?

பதில்: சம்பந்தம் இல்லை, பங்காளி உறவு. கால்வாயோரம் திரிவது நீர் உடும்பு. இரண்டும் வாரனஸ் என்னும் ஒரே பேரினம். நீர் உடும்பு மீன், நண்டு, எலி, குப்பை என்று கிடைத்ததைத் தின்று இலங்கைமுதல் இந்தோனேசியாவரை பிழைத்துக்கொள்கிறது. கொமோடோவுக்கு இந்தோனேசியாவின் சில தீவுகளை விட்டால் வேறு போக்கிடம் இல்லை. அங்கே அது தின்னும் மானையும் மனிதர் திருட்டு வேட்டையாடுகிறார்கள்.

சம்பந்தம் என்றதும் கல்யாண மண்டபம் நினைவுக்கு வருகிறது. சோறு ஆறும்வரை வாழ்த்துரை வழங்கும் பிரமுகர்களைப் பற்றி எழுதி இந்தப் பக்கத்தில் நான் தேடிக்கொண்ட பகை கொஞ்சமல்ல. இங்கிலாந்தின் செஸ்டர் விலங்குத் தோட்டத்துப் பெண் கொமோடோ ஃபுளோராவுக்கு அந்தத் தொல்லை இல்லை. மாப்பிள்ளை இல்லை, சம்பந்தி இல்லை, வாழ்த்துரையும் இல்லை. ஆண் துணையே இல்லாமல் அந்தக் கொமோடோ இட்ட முட்டைகளில் கரு வளர்வது 2006இல் தெரியவந்தது. பொரித்தவை எல்லாம் ஆண். தனியே ஒரு தீவில் ஒதுங்கும் பெண்கூட இப்படி வம்சத்தைத் தொடங்கிவிடலாம். அடுத்த தலைமுறை எப்படி என்று கேட்காதீர்கள், இது குடும்பப் பத்திரிகை.

குடும்பம் என்றாலும் பாசத்தை எதிர்பார்க்க வேண்டாம். பொரித்த குஞ்சு நேரே மரமேறிவிடும், ஏனென்றால் பெரியவை அதைத் தின்றுவிடும். செத்த விலங்கை மேய இறங்கும்போது அதன் குடல் சாணத்தில் புரண்டுகொண்டுதான் பந்தியில் சேரும். அந்த நாற்றம் பெரியவற்றுக்கு ஆகாது.

கொமோடோவைக் காக்க 1980இல் தேசியப் பூங்கா அமைத்தார்கள். கொமோடோ வாழும் ஃபுளோரஸ் தீவு அதற்கு வெளியே. பூங்காவுக்குள் இருப்பவற்றையும் கடல் விடுவதாக இல்லை. கடல் மட்டம் உயர்வதால் 45 ஆண்டுகளில் வாழிடம் குறைந்தது 30 விழுக்காடு சுருங்கும் என்ற கணிப்பால்தான் 2021இல் அழியும் உயிரினங்களின் பட்டியலில் கொமோடோவின் அபாய நிலை ஒரு படி ஏறியது. அதே கடலைத் தடுக்க சிங்கப்பூரில் நமக்கு 100 பில்லியன் வெள்ளி தேவைப்படலாம் என்று 2019இல் அன்றைய பிரதமர் லீ சியன் லூங் சொன்னார். நீங்கள் கேட்ட சம்பந்தம் அங்கேதான் இருக்கிறது.

கொமோடோவின் வாய்க் கிருமிதான் இரையைக் கொல்கிறது என்று மறுபடியும் வாட்ஸ்அப் செய்தி அனுப்பிய தெம்பனிஸ் நண்பருக்கு: கீழ்த்தாடையில் நச்சுச் சுரப்பி இருப்பதை 2009இலேயே ஆய்வாளர்கள் காட்டிவிட்டார்கள். இனி அனுப்பினால் பெயருடன் பிரசுரிப்பேன்.