நான்காவது நிலவறையில் பர்ஸைத் திறக்காதீர்கள்

கேள்வி: இத்தாலியின் டஸ்கனியில் ஊர் ஊராகச் சுற்றியபோது ஒரு சிவப்பு ஒயின் குடித்தேன். அப்படி ஒன்றை வாழ்நாளில் சுவைத்ததில்லை. பெயர் நினைவில் இல்லை. பாட்டில் கழுத்தில் கறுப்புச் சேவல் படம் இருந்தது. எங்கே கிடைக்கும்?

பதில்: அந்தச் சேவல் ஒரு பண்ணையின் சின்னம் அல்ல, கியாந்தி கிளாசிக்கோ வட்டாரத்துக்கே பொதுவான முத்திரை. சான்ஜியோவேசே திராட்சை குறைந்தது 80 சதவீதம் என்ற விதிக்கு உட்பட்டு நூற்றுக்கணக்கான பண்ணைகள் அதே சேவலை ஒட்டுகின்றன. காக்கிச் சட்டை போட்டிருந்தார், ஆளைக் கண்டுபிடித்துக் கொடுங்கள் என்கிறீர்கள். மலை, மாலை வெயில், சைப்ரஸ் மரம் எல்லாவற்றையும் படம் எடுத்திருப்பீர்கள்; லேபிளை எடுக்க மட்டும் கை வரவில்லையா? அந்தப் படங்களைப் பெரிதாக்கிப் பாருங்கள், மேசை ஓரத்தில் பாட்டில் நிற்கலாம். அதுவும் இல்லையென்றால் கடன் அட்டைக் கணக்கில் உணவகத்தின் பெயர் இருக்கும். தேதியைச் சொல்லி எழுதிக் கேளுங்கள்.

கேள்வி: தூக்க முடியாத கனம், அடியில் ஆழமான குழி. இப்படிப்பட்ட பாட்டிலில் வருவது உயர்ந்த ஒயின்தானே?

பதில்: கண்ணாடி அதிகம். அவ்வளவுதான்.

கேள்வி: ஸ்பெயினின் ரியோஹா வட்டாரத்தில் வாங்கிய 'ரிசர்வா' ஒயின் அருமையாக இருந்தது. அதை நம்பி வேறு நாட்டு 'ரிசர்வ்' வாங்கினோம். சப்பென்று இருந்தது. ஏன்?

பதில்: இந்தச் சொல்லைப் பற்றிப் புலம்ப வாய்ப்புக் கொடுத்தீர்கள், மற்ற வாசகர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். ரியோஹாவில் அந்தச் சொல்லுக்குப் பின்னால் விதி நிற்கிறது. சிவப்பு ஒயின் 'கிரியான்சா' ஆவதற்கு இரண்டு ஆண்டு முதிர வேண்டும், அதில் ஓர் ஆண்டாவது ஓக் பீப்பாயில். 'ரிசர்வா'வுக்கு மூன்று ஆண்டு. 'கிரான் ரிசர்வா'வுக்கு ஐந்து, அதில் இரண்டு பீப்பாயில். பிரான்சிலும் கலிபோர்னியாவிலும் இதே சொல்லுக்கு அப்படி ஒரு வரையறை கிடையாது. நல்ல பண்ணைகள் தங்களுடைய சிறந்த பீப்பாய்க்கு அந்தப் பெயரை வைக்கின்றன; மற்றவர்களுக்கு அச்சகத்தில் மை இருந்தால் போதும். 'முதிர்ந்த கொடி' என்று பிரெஞ்சு லேபிள்களில் பெருமையாகப் போடுகிறார்களே, அதுவும் இந்த ரகம்தான்: கொடிக்கு எத்தனை வயது ஆகியிருக்க வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. 'கிராண்ட்', 'ஸ்பெஷல்', 'ரிசர்வ்' மூன்றும் ஒரே லேபிளில் இருந்த பாட்டிலுக்கு நானும் பணத்தைக் கொட்டியிருக்கிறேன். விருந்துக்கு வந்த ஒருவர்கூட இரண்டாவது கோப்பை கேட்கவில்லை. இன்னொன்று: ரியோஹாவிலும் விதி அளப்பது காலத்தைத்தான், ருசியை அல்ல. ஓக் வாசம் பிடிக்காதவருக்குக் கிரான் ரிசர்வாவைவிட விலை குறைந்த இளம் ஒயினே இனிக்கும்.

கேள்வி: சுவைபார்க்கும் இடத்தில் ஒயினைத் துப்புவது மரியாதைக் குறைவா?

பதில்: பாத்திரம் வைத்திருப்பதே அதற்குத்தான். துப்பாதவர்கள்தான் பிறகு எனக்குக் கடிதம் எழுதுகிறார்கள்.

கேள்வி: இத்தாலியின் பியட்மான்ட் வட்டாரப் பண்ணை ஒன்றில் 2016 அறுவடையில் செய்த 'பரோலோ' சிவப்பு ஒயினைச் சுவைத்துப் பார்த்து, பன்னிரண்டு பாட்டிலுக்குப் பணம் கட்டினோம். வீட்டுக்கு வந்த பெட்டியில் இருந்தது 2017. கேட்டால், 'அதே தோட்டம், அதே திராட்சை' என்கிறார்கள்.

பதில்: படிக்கும்போதே வயிறு எரிகிறது. தோட்டம் அதே தோட்டம்தான். வானம் அதே வானமா? 2017 இத்தாலியை வெயிலும் வறட்சியும் வாட்டிய ஆண்டு. ஆண்டு மாறினால் ஒயினும் மாறும், விற்றவருக்கு இது தெரியாமல் இல்லை. ஒரு பாட்டிலைக்கூடத் திறக்காதீர்கள். ரசீது, லேபிள், பெட்டியின் மேல் ஒட்டிய சீட்டு எல்லாவற்றையும் படம் எடுத்து, அவர்கள் செலவிலேயே மாற்றித் தரும்படி எழுத்தில் கேளுங்கள். அட்டையில் செலுத்தியிருந்தால் வங்கியிடம் உடனே முறையிடுங்கள், அதற்குக் கெடு உண்டு. ரசீதில் ஆண்டு எழுதப்படாமல் இருந்தால் அன்று கொடுத்த சுவைப் பட்டியலையோ மின்னஞ்சலையோ தேடி எடுங்கள். உங்கள்மேல் ஒரு தவறும் இல்லை.

கேள்வி: பண்ணையில் அமிர்தமாக இருந்த ஒயின் வீட்டில் புளிக்கிறது. ஏமாற்றிவிட்டார்களா?

பதில்: பெரும்பாலும் இல்லை. அங்கே நீங்கள் குடித்ததில் பாதி விடுமுறை. மீதியை வெப்பம் கெடுத்திருக்கலாம். நானும் பட்டவன்தான். ஒரு கோடையில், ஒரே நாளில் நான்காவது ஒயின் நிலவறைக்குள் நுழைந்தபோது நாக்கு மரத்துப்போயிருந்தது, கை மட்டும் தாராளமாக இருந்தது. ஆறு பாட்டில் வாங்கி, காரின் டிக்கியில் போட்டுவிட்டுச் சாப்பிடப் போனேன். திரும்பி வந்து பார்த்தால் இரண்டு பாட்டிலில் கார்க் விரற்கடை அளவு வெளியே தள்ளியிருந்தது. பெட்டியில் மடித்து வைத்திருந்த வெள்ளைச் சட்டைகளில் சிவப்புக் கறை. மற்ற நான்கையும் வீட்டில் திறந்தபோது வேகவைத்த உலர்திராட்சை நெடி அடித்தது. இப்போதெல்லாம் காலையில் சுவைத்து, பெயரையும் ஆண்டையும் குறித்துக்கொண்டு, ஒரே ஒரு பாட்டிலோடு அறைக்குத் திரும்பிவிடுகிறேன். இரவு உணவோடு அது காலியானால் மறுநாள் போய் இன்னும் வாங்குவேன். பாதி மிஞ்சினால் அந்தப் பண்ணையைத் தாண்டிப் போய்விடுவேன். உங்களிடம் இன்னொரு பாட்டில் இருந்தால் 16 முதல் 18 டிகிரிக்குக் குளிர்வித்து, சாப்பாட்டோடு ஒருமுறை குடித்துப் பாருங்கள். அதுவும் புளித்தால் சமையலறைக்கு அனுப்பிவிடுங்கள்.