மெல்போர்ன் செய்தி பார்த்துப் பயந்துபோன தம்பிக்கு

தம்பி, நீங்கள் திருச்சியில் இருந்து வந்து மூன்று மாதம்தான் ஆகிறது. டார்னிட்டில் வீடு, மனைவி, ஐந்து வயதுப் பையன். டிவியைப் போட்டால் கத்திக்குத்தும் கார் திருட்டும், ரயில் ஏறினால் கஞ்சா நாற்றம், திங்கட்கிழமை ஆபீஸ் போனால் ஒருவர் விடாமல் ஃபுட்டி, அதாவது ஆஸ்திரேலியக் கால்பந்துப் பேச்சு. போன வாரம் போலீஸ் காரை மறித்து ஊதச் சொன்னபோது கை நடுங்கிவிட்டது என்றும் எழுதியிருந்தீர்கள். பிள்ளையை இங்கே வளர்க்கலாமா என்பது கடைசிக் கேள்வி. நான் டாண்டினாங் பக்கம் ஒரு மருந்துக்கடையில் மருந்தாளுநர். பதினைந்து வருடத்துக்கு மேலாக இந்த ஊரில் குப்பை கொட்டுகிறேன். எனக்குப் பட்டதைச் சொல்கிறேன்.

முதலில் அந்த ஆறு மணிச் செய்தியை நிறுத்துங்கள். வணிகச் சேனல்களுக்குக் குற்றம்தான் சோறு. ஒரே சிசிடிவி காட்சியை மூன்று நாள் ஓட்டுவார்கள். ஏழு மணிக்கு ஏபிசி பாருங்கள், போதும். தமிழில் வேண்டுமானால் எஸ்பிஎஸ் வானொலி இருக்கிறது. அதற்காக எல்லாமே கட்டுக்கதை என்று சொல்லவில்லை. கார் திருட்டு கூடியிருப்பது நிஜம், புது மாடல் கார்களின் சாவியையே மின்னணுக் கருவியால் நகல் எடுக்கிறார்கள். கடைகளில் ஸ்டியரிங் பூட்டுகள் கிடைக்கும், ஒன்று வாங்கி மாட்டுங்கள். வெட்டுக்கத்திப் பிரச்சினையும் நிஜம்தான். 2025 செப்டம்பர் 1 முதல் விக்டோரியாவில் அதை வைத்திருப்பதே குற்றம். ஊரில் இருந்து மாமியார் தேங்காய் வெட்ட அரிவாள் கொடுத்து அனுப்புவதாகச் சொன்னால் அன்போடு மறுத்துவிடுங்கள்.

2009-ல் இந்திய மாணவர்கள் அடி வாங்கியபோது ஃப்ளிண்டர்ஸ் ஸ்ட்ரீட் நிலையத்துக்கு முன்னால் நம் பிள்ளைகள் ரோட்டில் உட்கார்ந்து போராடினார்கள். இங்கே அதிகாரிகள் ‘இது வெறும் திருட்டு, இனவெறி இல்லை’ என்றார்கள். நம் ஊர் சேனல்கள் நகரமே பற்றி எரிவதுபோல் காட்டின. இரண்டு பக்கமும் முழு உண்மையைச் சொல்லவில்லை. ராத்திரி வேலை முடித்துத் தனியாக ரயிலில் வந்த பையன்கள்தான் அதிகம் மாட்டினார்கள். 2012-ல் இருந்து நிலையங்களில் சீருடையோடு பிஎஸ்ஓ என்கிற காவலர்கள் நிற்கிறார்களே, அவர்கள் இருக்கும் பக்கமாக நின்று ரயில் ஏறுங்கள். பெட்டிக்குள் கஞ்சா நாற்றம் வந்தால் அடுத்த பெட்டிக்கு மாறிக்கொள்ளுங்கள். விக்டோரியாவில் மருத்துவர் சீட்டு இல்லாமல் கஞ்சா இன்னமும் சட்டவிரோதம்தான், ஆனால் அதைத் தட்டிக்கேட்பது உங்கள் வேலை இல்லை.

போலீஸ் ஊதச் சொன்னது உங்களைப் பார்த்துச் சந்தேகப்பட்டு இல்லை. 1976-ல் இருந்தே இங்கே எந்தக் காரணமும் இல்லாமல் யாரையும் நிறுத்தி ஊதச் சொல்லலாம், பக்கத்து வீட்டுப் பாட்டியும் ஊதுவார். ரத்தத்தில் ஆல்கஹால் அளவு 0.05-க்குக் கீழே இருக்க வேண்டும். பழகுபவரின் எல் போர்டு, புது லைசென்ஸ்காரரின் பி போர்டு என்றால் பூஜ்யம். நாக்கில் ஒரு பட்டையை வைத்து போதைப் பொருள் பார்க்கும் எச்சில் சோதனையும் 2004-ல் இங்கேதான் முதலில் வந்தது. நிறுத்தினால் காரை விட்டு இறங்காதீர்கள், நம் ஊர்ப் பழக்கத்தில் ஓடிப்போய் ‘சார்’ போட வேண்டாம். கண்ணாடியை இறக்குங்கள், கேட்டதும் லைசென்ஸை நீட்டுங்கள். பர்ஸில் இருந்து நோட்டு எட்டிப் பார்க்கவே கூடாது! உங்கள் பெயரைக் கேட்டவரிடம் நீங்களும் பெயர், பதவி, நிலையம் கேட்கலாம், அவர் சொல்லியாக வேண்டும். ஊதுவதைவிட நீங்கள் பயப்பட வேண்டியது கம்பத்தில் இருக்கும் கேமராவுக்கு. கையில் போன் இருந்தால் படம் பிடித்து வீட்டுக்கு அபராதம் அனுப்பும், லைசென்ஸில் நான்கு தண்டனைப் புள்ளி ஏறும்.

இங்கே போலீஸ் எல்லோரிடமும் ஒரே மாதிரி என்றும் நினைத்துக்கொள்ளாதீர்கள். 2017 டிசம்பரில் தான்யா டே என்ற பழங்குடிப் பெண் ரயிலில் தூங்கிக்கொண்டிருந்தார். பொது இடத்தில் குடிபோதை என்று பிடித்துப்போய் அடைத்தார்கள். அறைக்குள் விழுந்து தலையில் அடிபட்டு, பிறகு இறந்தார். அந்தச் சட்டத்தை நீக்கச் சொல்லி, காவலில் நடந்த பழங்குடி மரணங்களை விசாரித்த அரச ஆணையம் 1991-லேயே பரிந்துரைத்திருந்தது. விக்டோரியாவில் அது நீங்கியது 2023 நவம்பரில். நமக்குக் கிடைக்கும் ‘குட் டே மேட்’ எல்லோருக்கும் கிடைப்பதில்லை.

இனி போதை. டிவியில் முகத்தை மறைத்துக் காட்டுவார்களே போதை அடிமைகள் என்று, அவர்களை நான் வேறு மாதிரி பார்க்கிறேன். காலையில் எங்கள் கடை திறக்கும்போதே இரண்டு மூன்று பேர் மெத்தடோனுக்கு நிற்பார்கள். ஹெராயினில் இருந்தும் வலி மாத்திரையில் இருந்தும் மீள்வதற்கு மருத்துவர் எழுதிக் கொடுக்கும் திரவ மருந்து அது. முகத்தையும் படத்தையும் ஒப்பிட்டு, அன்றைய அளவைச் சின்னக் கோப்பையில் ஊற்றிக் கொடுப்பேன், என் கண் முன்னால் குடிக்க வேண்டும். அப்புறம் ஒரு வாய் தண்ணீர். அதன் பிறகு இரண்டு வார்த்தை பேச வைக்க வேண்டும், வாயில் அடக்கிக்கொண்டுபோய் வெளியே விற்றுவிடக் கூடாது அல்லவா. அந்த இரண்டு வார்த்தைக்குத்தான் நானே ஃபுட்டி கற்றுக்கொண்டேன். கூரை வேலைக்குப் போகும் ஒருவர், கறுப்பு வெள்ளைக் கோடு போட்ட காலிங்வுட் அணிக் குல்லா. ‘சனிக்கிழமை பார்த்தியா?’ என்பேன். அவர் அம்பயரைத் திட்டத் தொடங்கினால் மருந்து இறங்கிவிட்டது என்று அர்த்தம். ஏழு மணிக்கெல்லாம் சுத்தியலோடு வேலைக்குப் போகும் மனுஷன், செய்தியில் வரவே மாட்டார்.

மருந்து விஷயத்தில் உங்களுக்கே இரண்டு எச்சரிக்கை. கோடீன் கலந்த மாத்திரை, இருமல் மருந்து 2018 பிப்ரவரியில் இருந்து சீட்டு இல்லாமல் கிடைக்காது. சூடோஎஃபெட்ரின் உள்ள சளி மாத்திரை கேட்டால் அடையாள அட்டை கேட்போம், அதில் இருந்து ‘ஐஸ்’ என்கிற மெத் போதைப் பொருளைக் காய்ச்ச முடியும். கோபித்துக்கொள்ளாதீர்கள். அப்பா அம்மா வரும்போது அவர்கள் மருந்தை மூன்று மாத அளவுக்குள், டாக்டர் கடிதத்தோடு, வாங்கிய டப்பாவிலேயே கொண்டுவரச் சொல்லுங்கள்.

ஆனால் நம் ஆட்கள் குடும்பத்தில் விளக்கணைத்தது ஐஸோ கஞ்சாவோ என்று நான் அதிகம் பார்த்ததில்லை. பார்த்தது பந்தயம். மேட்ச் இடைவேளையில் சிரித்துக்கொண்டே ஒருவர் போனைத் தட்டும் விளம்பரம் வருகிறதே, அதுதான். ஃபுட்டியில் தொடங்கி ஐபிஎல்லுக்குப் போகும். ‘மல்ட்டி’ என்று ஒன்று உண்டு. இவர் கோல் அடிப்பார், அந்த அணி ஜெயிக்கும், இத்தனை ரன் வரும் என்று ஐந்தாறைக் கோத்துப் பத்து டாலர் கட்டுவது. ஒன்று தப்பினாலும் எல்லாம் போச்சு. எனக்குத் தெரிந்த ஒரு ஐடி பையன், பிஆர் என்கிற நிரந்தர வசிப்புரிமை வந்த கையோடு வீட்டுக்குச் சேர்த்த முன்பணம் முழுவதையும் இப்படிப் படுக்கையில் கிடந்தபடியே கரைத்தான். மனைவிக்குத் தெரியக் கிட்டத்தட்ட ஒரு வருடம் ஆனது. குடித்தால் வாடை அடிக்கும், இதற்கு என்ன வாடை? 2023 ஜூனில் நாடாளுமன்றக் குழு ஒன்று இந்த விளம்பரங்களைப் படிப்படியாக முழுவதும் தடை செய்யச் சொன்னது. இணையப் பந்தயத்துக்குக் கிரெடிட் கார்டு கூடாது என்று 2024 ஜூனில் சட்டம் நடைமுறைக்கு வந்தது, அது ஒரு ஆறுதல். பெட்ஸ்டாப் என்ற அரசுப் பதிவேட்டில் பெயர் கொடுத்தால் உரிமம் உள்ள எந்த நிறுவனமும் நம்மைச் சேர்க்கக் கூடாது. அந்தப் பையனை அதில்தான் பதிய வைத்தோம்.

ஆபீஸில் ‘டிப்பிங்’ என்று கூப்பிடுவார்கள், அது வேறு. வாரா வாரம் ஒன்பது மேட்சில் யார் ஜெயிப்பார்கள் என்று குறிப்பது, வருடத்துக்கு ஒரு சின்னத் தொகை. தாராளமாகச் சேருங்கள். விதியெல்லாம் தெரிய வேண்டாம், நடுக் கம்பங்களுக்கு நடுவே போனால் ஆறு, பக்கத்தில் போனால் ஒன்று. எங்கள் கடையில் மூன்று வருடம் ஜெயித்தவர் சட்டை நிறம் பார்த்துக் குறிக்கும் ஒரு சீன அம்மா.

பையனை ஆஸ்கிக் என்கிற சிறுவர் ஃபுட்டிப் பயிற்சியில் சேருங்கள், ஐந்து வயது சரியான வயது. அங்கே கோட்டுக்கு வெளியே காபிக் கோப்பையோடு நிற்கும் பெற்றோர்களிடம்தான் பள்ளிக்கூடம், டாக்டர், பிளம்பர் எல்லாம் கேட்டுத் தெரிந்துகொள்வீர்கள். வளர்க்கலாமா என்றால், தாராளமாக வளர்க்கலாம், என் இரண்டும் இங்கேதான் வளர்ந்தன. எந்த அணி என்று அவன் கேட்பான். நீங்கள் மேற்குப் பக்கம், புல்டாக்ஸ்தான் முறை. 1954-க்குப் பிறகு 2016-ல்தான் கோப்பை வாங்கினார்கள், பொறுமை பழகும். எசெண்டன் மட்டும் வேண்டாம். தடை செய்யப்பட்ட மருந்தை ஊசி போட்ட விவகாரத்தில் அந்த அணியில் ஆடிய 34 பேருக்கு 2016-ல் ஒரு சீசன் முழுக்கத் தடை. என் வீட்டுக்காரர் எசெண்டன். இறுதிச் சுற்றுகள் நடக்கும் செப்டம்பர் மாதம் எங்கள் வீட்டுக்கு யாரும் சாப்பிட வருவதில்லை.