புகைப்பதை விட்டு மிச்சமான பணத்தில் எனக்கே பரிசு வாங்கிக்கொள்வது வீண்செலவா?

இல்லை, தாராளமாக வாங்குங்கள். தினம் ஒரு பெட்டி சிகரெட், விலை 15 சிங்கப்பூர் வெள்ளி என்று வைத்தாலே ஆண்டுக்கு 5,475 வெள்ளி. ஆனால் அது வங்கிக் கணக்கிலேயே கிடந்தால் மளிகையிலும் டாக்சியிலும் கரைந்துவிடும். நான் பழைய மைலோ டின்னில் தினமும் காலையில் ஒரு பத்து வெள்ளித் தாளும் ஓர் ஐந்து வெள்ளித் தாளும் போட்டு வந்தேன். டின் நிரம்புவதைப் பார்ப்பதில் ஒரு தனி சுகம்!

முதல் பரிசை ஆண்டு முடியும்வரை தள்ளிப்போடாதீர்கள். நிக்கோடின் ஏக்கம் முதல் சில நாள்களில்தான் ஆளை உலுக்கும். மூன்றாம் நாளே தேக்கா வட்டாரத்தில் ஒரு மட்டன் பிரியாணி சாப்பிட்டேன். ஏலக்காய் மணம் அன்றுதான் மூக்குக்கு எட்டியது. பெரிய தொகை சேர்ந்ததும் சிராங்கூன் சாலையில் மனைவிக்கு வளையல். பீரை மட்டும் பரிசாக்க வேண்டாம். குவளையைப் பிடித்த கை சிகரெட்டையும் தேடும்.